மழைக்கு ஏன் ட்ரிப் விழுகிறது? வீட்டு மின்சாரமும் மட்டக்களப்பு மண்ணும்

வடகீழ்ப் பருவமழை பிடித்துவிட்டால் இலங்கையின் கிழக்குக் கரையில் மின் வேலை செய்பவர்களின் கைபேசிகளுக்கு ஓய்வு இருக்காது. வாழைச்சேனையிலும் காத்தான்குடியிலும் களுவாஞ்சிக்குடியிலும், அப்பால் கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் வரையிலும் முறைப்பாடு ஒன்றுதான்: மழை விழுந்தால் ட்ரிப்பும் விழுகிறது. மின்சாரம் கசிந்தால் வீட்டு இணைப்பைத் தானாகவே துண்டிக்கும் ட்ரிப் சுவிட்சைத்தான் சொல்கிறார்கள். இரவு பத்து மணிக்கு வீடு இருண்டு, சோறு பாதி அவிந்த நிலையில் குக்கர் நின்று, பிள்ளைகளின் படிப்பும் கெட்டுப்போகும்போது, "அதை டிரெக்ட் பண்ணி விடுங்கோ" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்து கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். ட்ரிப் சுவிட்சின் கீழ்ப்பக்கம் பொருத்தியிருக்கும் இரண்டு வயர்களையும் கழற்றி மேல்பக்கத்து வயர்களோடு சேர்த்து முறுக்கிவிட்டால் வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதன் பிறகு மழைக்கு ட்ரிப் விழாது. வேறு எதற்கும் விழாது.

இந்தச் சிறு பெட்டி தொல்லை தருவதற்காகப் பூட்டப்பட்டதல்ல என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் பிரேக்கர் இருக்கிறது, பியூஸ் இருக்கிறது, எர்த் கம்பியும் இறக்கியிருக்கிறது, இது ஒன்று இல்லாவிட்டால் என்ன குறைந்துவிடும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. இலங்கையில் வீடுகளுக்கு மின்சாரம் வழங்கப்படும் முறையையும் நமது மண்ணின் தன்மையையும் சேர்த்துப் பார்த்தால் அந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பது விளங்கும். ஆளைக் காப்பதற்கு என்று நமது வீடுகளில் இருக்கும் தானியங்கிச் சாதனம் அது ஒன்றுதான்.

முதலில் அது செய்யும் வேலையைப் பார்ப்போம். மீற்றரைத் தாண்டி வரும் மின்சாரம் மெயின் சுவிட்ச் வழியாக ட்ரிப் சுவிட்சுக்கும், அங்கிருந்து வரிசையாக நிற்கும் சிறு பிரேக்கர்களுக்கும் போகிறது. பழுதாகிக் கழற்றிய ஒரு ட்ரிப் சுவிட்சை உடைத்துப் பார்த்தால், மோதிரம் போன்ற ஓர் இரும்புக் கலவை வளையமும், அந்த வளையத்தின் நடுவே போகும் தடித்த கம்பிகள் இரண்டும் தெரியும். ஒன்று மின்சாரத்தைக் கொண்டு வரும் உயிர்க்கம்பி (லைவ்), மற்றது அதைத் திருப்பிக் கொண்டு போகும் நொதுமற்கம்பி (நியூட்ரல்). வளையத்தின் மேல் தலைமயிர் அளவு மெல்லிய செப்புக் கம்பி பல சுற்றுகள் சுற்றப்பட்டு, அதன் முனைகள் ஒரு சிறிய காந்தப் பூட்டுக்குப் போகும். உயிர்க்கம்பியால் போகும் மின்னோட்டம் முழுவதும் நொதுமற்கம்பியால் திரும்பி வரும்வரை, இரண்டும் உண்டாக்கும் காந்தப் புலங்கள் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று அழித்துவிடுவதால் வளையம் எதையும் உணராது. போனதில் ஒரு பங்கு வேறு வழியால், அதாவது ஈரச் சுவராலோ, மோட்டரின் உடலாலோ, ஆளின் கையாலோ நிலத்துக்குப் போய்விட்டால் வரவும் செலவும் ஒவ்வாது. அந்த வித்தியாசம் வளையத்தில் காந்தப் புலமாக எஞ்சி, மெல்லிய கம்பிச் சுற்றில் மின்னோட்டத்தைத் தூண்டி, காந்தப் பூட்டை விடுவிக்கிறது. வில் இழுக்கிறது, தொடுகைகள் இரண்டும் பிரிகின்றன. கோலை மேலே தள்ளி டேப்பால் ஒட்டி வைப்பவர்களும் உண்டு. அதனால் பயன் இல்லை. கோல் மேலே நின்றாலும் உள்ளே தொடுகை பிரிந்துவிடும்படிதான் இச்சாதனம் அமைக்கப்பட்டிருக்கிறது.

வீட்டுப் பாவனைக்கு உரிய ட்ரிப் சுவிட்சின் முகப்பில் 30 மில்லியம்பியர் என்று எழுதியிருக்கும். அதற்கு மேல் மின்சாரம் உடலில் ஓடாது என்று பலர் அதை விளங்கிக்கொள்கிறார்கள். உண்மையில் ஓடும் மின்னோட்டத்தின் அளவை இச்சாதனம் கட்டுப்படுத்துவதில்லை. அது கட்டுப்படுத்துவது நேரத்தை. 230 வோல்ற் உயிர்க்கம்பியை ஈரக் கையால் தொட்டு வெறுங்காலோடு ஈர நிலத்தில் நிற்பவரின் உடலில் 100, 150 மில்லியம்பியர் ஓடக்கூடும், ட்ரிப் சுவிட்ச் இருந்தாலும் ஓடும், அடியும் விழும், கையை உதறச் செய்யும். ஆனால் இச்சாதனங்களுக்கான சர்வதேசத் தரமான ஐஈசி 61008 இன்படி வித்தியாசம் 30 மில்லியம்பியராக இருந்தால் 300 மில்லிசெக்கனுக்குள்ளும், அதன் ஐந்து மடங்கான 150 மில்லியம்பியராக இருந்தால் 40 மில்லிசெக்கனுக்குள்ளும் சாதனம் துண்டித்தாக வேண்டும். ஒரு இதயத் துடிப்பின் சுற்று ஏறத்தாழ 800 மில்லிசெக்கன். அந்தச் சுற்றில், சுருங்கிய இதயத் தசை மீண்டும் தயாராகும் குறுகிய இடைவெளியில் விழும் மின்னோட்டமே இதயத்தைத் தாறுமாறாகத் துடிக்க வைக்கும் ஆபத்து மிக்கது. மின்னோட்டம் ஒரு துடிப்பைவிட நீண்ட நேரம் நீடித்தால் அந்த இடைவெளியில் அது விழுவது நிச்சயம். 40 மில்லிசெக்கனில் முடிந்துவிட்டால் வாய்ப்பு மிகவும் குறைகிறது. சாதனத்தின் முழுத் திறமையும் இந்த நேரக் கணக்கில்தான் இருக்கிறது.

மனித உடல் எவ்வளவு தாங்கும் என்பதை அளந்தவர்களுள் முக்கியமானவர் அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்ள்ஸ் டால்சியல். பிடித்த கம்பியைத் தாமாகவே விட்டுவிடக்கூடிய எல்லை எது என்று தொண்டர்களாக முன்வந்த 134 ஆண்களிலும் 28 பெண்களிலும் அளந்து, ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லியம்பியர் அளவும் பெண்களுக்கு 10.5 மில்லியம்பியர் அளவும் என்று அவர் கண்டார். அந்த எல்லையைக் கடந்தால் முன்கைத் தசைகள் இறுகி, விரல்கள் கம்பியைச் சுற்றி மூடிக்கொள்ளும்; "கரண்ட் இழுத்துப் பிடித்தது" என்று நாம் சொல்வது இந்த நிலையைத்தான். இன்னும் கூடினால் மூச்சுத் தசைகள் இறுகும், அதற்கும் மேலே இதயம் பாதிக்கப்படும். டால்சியல் 1960களின் தொடக்கத்தில் 5 மில்லியம்பியரில் துண்டிக்கும் சாதனத்தை அமெரிக்க வீடுகளுக்காக உருவாக்கினார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1950களின் நடுவில், தென்னாபிரிக்கச் சுரங்கத் தொழிலாளரின் பாதுகாப்புக்காக ஹென்றி ரூபின் என்ற பொறியியலாளர் இதே தத்துவத்தில் உயர் உணர்திறன் கொண்ட சாதனத்தைச் செய்திருந்தார். அமெரிக்காவின் 5 எங்கே, நமது 30 எங்கே என்று கேட்பது நியாயம். 30 மில்லியம்பியர் வலிக்காத அளவல்ல. ஆனால் உரிய நேரத்துக்குள் துண்டித்தால் இதயத்தைக் குழப்பாத அளவு. ஒரு வீடு முழுவதற்கும் ஒரே சாதனத்தை 5 மில்லியம்பியரில் வைத்தால் நமது காலநிலையில் அது நாளுக்குப் பத்துத் தரம் விழும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இனி பிரேக்கரும் பியூஸும் ஏன் போதாது என்ற கேள்விக்கு வருவோம். இலங்கையின் வீட்டு மின் வழங்கலில் பொதுவாக எர்த் கம்பியை மின்சார சபை தருவதில்லை. தூணிலிருந்து வீட்டுக்கு வருவது உயிர்க்கம்பியும் நொதுமற்கம்பியும் மட்டுமே. எர்த்துக்கு வீட்டுக்காரர் தமது வளவில் ஒரு தண்டை நிலத்தில் இறக்க வேண்டும். ஆகவே ஒரு சாதனத்தின் உலோக உடலில் மின்சாரம் கசிந்தால், அது எர்த் தண்டால் மண்ணுக்குள் இறங்கி, மண்ணின் ஊடாகவே டிரான்ஸ்போமரின் எர்த்துக்குத் திரும்பிப் போக வேண்டும். வழியில் நிற்பது மண்.

கிணற்றடியில் பூட்டியிருக்கும் தண்ணீர் மோட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே சுற்று எரிந்து உயிர்க்கம்பி அதன் இரும்பு உடலைத் தொட்டுவிட்டது. வீட்டு எர்த் தண்டின் தடை 60 ஓம், டிரான்ஸ்போமர் பக்கத்துத் தடை 10 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ற்றை 70 ஓமால் பிரிக்க ஓடும் மின்னோட்டம் ஏறத்தாழ 3.3 அம்பியர். மோட்டருக்குப் போகும் பிரேக்கர் 16 அம்பியர். அது இந்த 3.3 அம்பியரை ஒரு சின்ன அயன்பொக்ஸ் போட்டதாகவே எடுத்துக்கொள்ளும், எத்தனை நாள் ஓடினாலும் விழாது. 15 அம்பியர் பியூஸும் அப்படியே. மோட்டரின் உடலுக்கும் நிலத்துக்கும் இடையே நிற்கும் அழுத்தமோ 3.3 இன் 60 மடங்கு, அதாவது ஏறத்தாழ 197 வோல்ற். எர்த் கம்பி ஒழுங்காகப் பூட்டியிருக்கும்போதே இந்த நிலை. குளிக்க வந்து ஈரச் சீமெந்தில் வெறுங்காலோடு நின்று மோட்டரில் கை வைப்பவருக்கு அந்த எர்த் கம்பி தருகிற பாதுகாப்பு மிகச் சொற்பம். இதற்கிடையில் இந்தக் கசிவு மண்ணைச் சூடாக்கிக்கொண்டு நாளுக்கு ஏறத்தாழ 18 அலகு மின்சாரத்தை மீற்றரில் ஏற்றிக்கொண்டிருக்கும். காரணம் தெரியாமல் பில் ஏறினால் அதையும் ஒரு எச்சரிக்கையாக எடுத்துப் பார்ப்பது நல்லது.

அதே வீட்டில் 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிற நிலையில் இருந்தால் 3.3 அம்பியர் என்பது அதன் எல்லையைப்போல நூறு மடங்குக்கும் அதிகம். மோட்டரின் உடலில் மின்சாரம் ஏறிய கணமே, யாரும் தொடுவதற்கு முன்னரே, அது விழுந்துவிடும். தொடும் அழுத்தம் 50 வோல்ற்றுக்கு மேல் நிலைக்கக் கூடாது என்ற வழக்கமான கணக்கைப் போட்டுப் பார்த்தால், 1,600 ஓம் வரை மோசமான எர்த்தோடும் இந்தச் சாதனம் தன் வேலையைச் செய்துவிடும்.

மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுவான்கரையில், கடலுக்கும் வாவிக்கும் இடையே கிடக்கும் பட்டியில், மேலே இருப்பது மணல். சித்திரை முதல் ஆவணி, புரட்டாதி வரையான கோடையில் அந்த மேல் மணல் காய்ந்து மின்சாரத்தைக் கடத்தாத பொருளாகவே மாறிவிடும். நான்கு அடி நீளத் தண்டை அதற்குள் செருகிவிட்டு எர்த் போட்டாயிற்று என்று சொல்வதில் அர்த்தம் இல்லை. தண்டு நிலத்தடி நீரைத் தொட வேண்டும். நீரைத் தொட்டால் தடை நன்றாகக் குறையும், ஆனால் உவர் நீர் இரும்பைத் தின்னும். நாகம் (சிங்க்) பூசிய குழாயும், அதைவிட முதலில் அதன் தலையில் கம்பியைப் பிடிக்கும் கிளாம்பும் அரித்துப் போகின்றன. சுற்றி மண் மூடியிருப்பதால் அது அறுந்துபோனது எவருக்கும் தெரிவதில்லை. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையின் வயல் மண் ஈரத்தை நீண்ட நாள் பிடித்து வைப்பதால் எர்த்துக்கு நல்லது என்றாலும், கோடையில் அதுவும் வெடித்துப் பிளந்து தண்டை விட்டு விலகும். 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரத்தில் தொகுதியாகக் கட்டப்பட்ட வீடுகள் பலவற்றுக்கு இப்போது இருபது வயது ஆகிறது. அன்று இறக்கிய தண்டையும் அன்று பூட்டிய ட்ரிப் சுவிட்சையும் உப்புக் காற்று இத்தனை ஆண்டுகள் சும்மா விட்டிருக்காது.

எர்த் வேண்டாம், ட்ரிப் போதும் என்ற முடிவுக்கும் இதிலிருந்து வந்துவிடக் கூடாது. ஈர்க்கிலையோ பேனை மூடியையோ பிளக் பேஸின் மேல் துளைக்குள் குத்தி, அடைப்பைத் திறந்து, இரண்டு முள் பிளக்கைச் செருகும் பழக்கம் நம் வீடுகளில் சாதாரணம். 13 அம்பியர் சதுர முள் பிளக் 2016 இல் நாட்டின் பொதுத் தரமாக அறிவிக்கப்பட்ட பின்பும் பழைய உருண்டை முள் பிளக்குகளும் அடப்டர்களும் வீடுகளில் கலந்தே கிடக்கின்றன. ஃபிரிட்ஜ் போன்ற உலோக உடல் கொண்ட சாதனத்தை இப்படிப் பூட்டும்போது எர்த் முள் இணைப்பில் இல்லை. உள்ளே கசிவு ஏற்பட்டாலும் மின்சாரம் போக வழி இல்லாததால் ட்ரிப் விழாது. உடலில் 230 வோல்ற் அமைதியாகக் காத்திருக்கும். முதலில் கை வைக்கும் ஆள்தான் அந்த வழியைத் திறந்து கொடுக்கிறார். எர்த் இருந்தால் இயந்திரத்தில் பிழை ஏற்பட்ட உடனேயே துண்டிப்பு, எர்த் இல்லாவிட்டால் ஆளுக்கு அடி விழுந்த பிறகு துண்டிப்பு. அந்த ஆள் மூன்று வயதுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

இப்போது மழைக்கு வருவோம். மழையில் ட்ரிப் விழுவது சாதனம் கெட்டதாலல்ல, பெரும்பாலும் அது சரியாக வேலை செய்வதால். கேற் தூணின் லைற், வெளி விறாந்தையின் பல்ப் ஹோல்டர், அழைப்பு மணியின் சுவிட்ச், கூரை ஒழுக்கு இறங்கும் சுவரில் பதித்த பெட்டி, மூட்டு முறுக்கி டேப் சுற்றிய மோட்டர் வயர் ஆகியவையே வழக்கமான குற்றவாளிகள். பிளக் பேஸுக்குள் கூடு கட்டும் எறும்பும், பிரேக்கர் பெட்டிக்குள் செத்துக் கிடக்கும் பல்லியும் அடுத்த வரிசை. நெடுநாள் பாவிக்காமல் வைத்த கெற்றில், அயன்பொக்ஸ், சுடுநீர் ஹீற்றர் ஆகியவற்றின் சூடாக்கும் சுருளைச் சுற்றியிருக்கும் தூள் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால் முதல் தடவை போடும்போது கசியும். இவை எதுவும் தனியே 30 மில்லியம்பியரை எட்டாமல் இருக்கலாம். நான்கு, ஐந்து சேர்ந்தால் எட்டிவிடும்.

கண்டுபிடிக்கும் வழி நேரானது. சிறு பிரேக்கர்கள் எல்லாவற்றையும் கீழே இறக்கி, ட்ரிப்பை ஏற்றி, ஒவ்வொரு பிரேக்கராக ஏற்றிக்கொண்டு வர வேண்டும். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்தச் சுற்றில் பிழை. அந்தச் சுற்றின் பிளக்குகளைக் கழற்றிவிட்டுத் திரும்ப ஏற்றினால் பிழை சாதனத்திலா வயரிங்கிலா என்பது தெரிந்துவிடும். இதுவரை வீட்டுக்காரரே செய்யலாம். ஆனால் எல்லாப் பிரேக்கரையும் இறக்கிய பின்பும் ட்ரிப் நிற்காமல் விழுவது, அல்லது எந்தக் குறையும் இல்லாத ரைஸ் குக்கரைப் போடும்போது மட்டும் விழுவது என்று சில வீடுகளில் ஒரு விசித்திரம் நடக்கும். குக்கரை மாற்றுவார்கள், பிறகு ட்ரிப் சுவிட்சையே மாற்றுவார்கள், பிறகுதான் டிரெக்ட் பண்ணுவார்கள். பெரும்பாலும் சுவருக்குள் நொதுமற்கம்பி எர்த்தைத் தொட்டுக்கொண்டிருப்பதே இதற்குக் காரணம். நொதுமற்கம்பியில் எப்போதும் சில வோல்ற் நிற்கும். சுமை கூடும்போது அது கூடி, 3 வோல்ற் வந்தாலே 60 ஓம் எர்த்தால் 50 மில்லியம்பியர் கழன்று போய்விடும். சாதாரண ஒற்றை முனைப் பிரேக்கர் உயிர்க்கம்பியை மட்டும் துண்டிப்பதால் அதை இறக்கினாலும் பிழை அப்படியே இருக்கும். டெஸ்டர் ஸ்குறூட்ரைவரும் நொதுமற்கம்பியில் எரியாது. நொதுமற்பட்டியிலிருந்து கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, மெகர் கருவியால் 500 வோல்ற்றில் காப்புத் தடையை அளந்து பார்க்க வேண்டும். ஒரு மெகாஓமுக்குக் குறைவாகக் காட்டும் சுற்றை அப்படியே விடக் கூடாது. மெகர் இல்லாமல் வரும் தொழிலாளர் இந்தப் பிழையை ஊகத்தால்தான் தேட முடியும். தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழோடு மெகரும் வைத்திருப்பவரை அழைப்பதற்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் அது வீண் செலவல்ல.

முகப்பில் 'டி' என்று எழுதிய பொத்தான் ஒன்று இருக்கிறதே, அதை அமத்திப் பார்த்த வீடுகள் எத்தனை? அதை அமத்தும்போது ஒரு சிறு தடையின் வழியாக மின்னோட்டம் வளையத்தைச் சுற்றிக்கொண்டு போய்ச் செயற்கையாக ஒரு வித்தியாசத்தை உண்டாக்குகிறது. சாதனம் சட்டென விழுந்தால் வளையமும் பூட்டும் வில்லும் உயிரோடு இருக்கின்றன என்று பொருள். ஆண்டுக்கணக்கில் அசையாமல் நின்ற பொறி உப்புக் காற்றிலும் தூசியிலும் இறுகிவிடும். அமத்திப் பார்ப்பதே அதை இறுகாமலும் வைத்திருக்கும். நமது கரையோர வீடுகளுக்கு மாதம் ஒருமுறை என்பது என் அபிப்பிராயம். மின் பில் வரும் நாளை அதற்கு வைத்துக்கொண்டால் மறக்காது. பொத்தான் எர்த் தண்டைச் சோதிப்பதில்லை என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும், எர்த் கம்பி அறுந்து கிடந்தாலும் பொத்தான் வேலை செய்யும். 2011 ஜனவரி வெள்ளம் போல வீட்டுக்குள் நீர் ஏறி, பெட்டி மூழ்கிவிட்டால் உள்ளே இருக்கும் சாதனங்களைக் காய வைத்துத் திரும்பப் பூட்டக் கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

இச்சாதனத்தால் காக்க முடியாத இடங்களும் உண்டு. ஒரு கையால் உயிர்க்கம்பியையும் மறு கையால் நொதுமற்கம்பியையும் பிடித்து, நிலத்துக்கு எதுவும் போகாமல் நிற்பவர் வளையத்துக்கு ஒரு பல்பைப் போலத்தான் தெரிவார். மீற்றருக்கும் ட்ரிப்புக்கும் இடையிலான வயரில் நடக்கும் எதையும் அது காணாது. 2022 மார்ச்சு இறுதியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணி நேரம் வரை போனபோது பலர் சிறிய பெற்றோல் ஜெனரேட்டர் வாங்கினார்கள். அதை இரு முனையிலும் பிளக் பூட்டிய வயரால் வீட்டுப் பிளக் பேஸில் செருகுவது கொலைக்கு ஒப்பான வேலை. செருகாத முனையின் முள்ளில் 230 வோல்ற் வெளியே நிற்கும், மெயின் சுவிட்சை இறக்க மறந்தால் தெருக் கம்பியில் ஏறி நிற்கும் மின்சார சபை ஊழியருக்கும் அது போகும். அந்தச் சிறு ஜெனரேட்டரின் சுற்று நிலத்தோடு இணைக்கப்படாமல் மிதப்பதால் வீட்டு ட்ரிப் எதிர்பார்த்தபடி விழவும் மாட்டாது.

இவை எல்லாவற்றையும்விட மோசமானது, அம்பாறையிலும் படுவான்கரையிலும் யானைக்கும் பன்றிக்கும் என்று தூண் கம்பியிலிருந்து கொழுவி எடுத்து வயல் வேலியில் விடும் மின்சாரம். அனுமதி பெற்ற யானை வேலியில் ஓடுவது செக்கனுக்கு ஒரு தரம் அளவில் வரும் மிகக் குறுகிய துடிப்பு. அது உதறும், விட்டுவிடும். கொழுவி எடுத்த 230 வோல்ற் விடாது. அதற்கும் ஆளுக்கும் இடையே எந்த ட்ரிப் சுவிட்சும் இல்லை. இருட்டில் வாய்க்கால் ஓரமாக வரும் பக்கத்து வயல்காரரைத்தான் அது பிடிக்கிறது.

எவராவது மின்சாரத்தில் பிடிபட்டால் முதலில் மெயின் சுவிட்சை இறக்க வேண்டும். எட்டாவிட்டால் காய்ந்த பலகையின் மேல் நின்று காய்ந்த தடியால் விலக்க வேண்டும். வெறுங்கையால் இழுக்கப் போனால் இரண்டு பேர் ஆகிவிடும். மூச்சு இல்லாவிட்டால் நெஞ்சை அழுத்தத் தொடங்கிக்கொண்டே 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்சை அழைக்க வேண்டும். எழுந்து உட்கார்ந்து "ஒன்றுமில்லை" என்று சொல்பவரையும் இதயப் பரிசோதனைக்காக வைத்தியசாலைக்குக் கொண்டு போவது அவசியம்.

மழைக்கு விழும் தொல்லையைக் குறைக்க வேண்டுமானால் அதற்கு ஒழுங்கான வழி பிரித்து வைப்பது. ஒரே ட்ரிப்பின் கீழ் வீடு முழுவதையும் தொங்க விடுவதால்தான் கேற் லைற்றில் நீர் இறங்கினால் அடுப்படியும் இருள்கிறது. பிரேக்கரும் ட்ரிப்பும் ஒன்றாய்ச் சேர்ந்த சாதனங்கள் கிடைக்கின்றன. வெளிச் சுற்றுக்கும் கிணற்று மோட்டருக்கும் அவற்றைத் தனித்தனியே பூட்டி, பிரதான ட்ரிப்பின் கீழிருந்து வெளியே எடுத்துவிட்டால் பிழை உள்ள பகுதி மட்டும் விழும். இன்வேட்டர் ஏசி, இன்வேட்டர் ஃபிரிட்ஜ் உள்ள வீடுகளில் ட்ரிப் சுவிட்சில் பழைய 'ஏசி' (AC) வகைக்குப் பதிலாக 'ஏ' (A) வகையைக் கேட்டு வாங்குவது நல்லது, அலை ஒழுங்கற்ற கசிவையும் அது உணரும். பழைய வீடுகளில் சில இடங்களில் 100 மில்லியம்பியர் என்று எழுதிய சாதனம் இருக்கலாம். அது தீயைத் தடுக்க உதவும், ஆளைக் காக்கப் போதாது. வேலை முடிந்ததும் எர்த் தடை எத்தனை ஓம், ட்ரிப் எத்தனை மில்லிசெக்கனில் விழுந்தது என்ற இரண்டு எண்களையும் கருவியால் அளந்து, பிரேக்கர் பெட்டி மூடியின் உட்பக்கத்தில் திகதியோடு எழுதி வைக்கச் சொல்லுங்கள். எர்த்தைக் கோடையின் முடிவில், ஆவணி அல்லது புரட்டாதியில் அளப்பதே சரி. மண் நனைந்த கார்த்திகையில் எடுக்கும் அளவு எப்போதும் நன்றாகத்தான் இருக்கும்.